ஆயா ஆற்றில் இறங்கிய நாள்

காஹாங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் நாங்கள் பால்வெட்டப் போகும்போது பிள்ளைகளை ஆயாவிடம்தான் விட்டுப்போவோம். அவர் பெயரை நான் கேட்டதே இல்லை. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் கொட்டகையின் வாசலை அடைத்துக்கொண்டு நிற்கும் அளவுக்குப் பருமன்.

ஒரு மழைக்காலத்தில் காய்ச்சல் கண்டு தோட்டத்து ஆஸ்பத்திரிக்குப் போனவர், ஆறு மாதம் கழித்துப் பாதி ஆளாகத் திரும்பினார். கைகளிலும் வயிற்றிலும் தோல் மடிந்து தொங்கியது. அதன்பின் கொளுத்தும் வெயிலிலும் நீளக்கை ரவிக்கைதான். நாங்கள் ஆற்றில் குளித்துக் கரையேறிய பிறகே, அதைக் கழற்றாமல் தண்ணீரில் இறங்குவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் குளித்துக்கொண்டிருக்கும்போதே வந்துவிட்டார். பாவாடையை மார்போடு கட்டியிருந்தார், ரவிக்கை இல்லை.

“அலமாக், அம்மாடி! அரிசி போயி சாக்கு மட்டும் வருதுடி!” என்றாள் ஒருத்தி. எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தவள் நான்.

ஆயா கைகளை மறைத்துக்கொள்ளவில்லை. என்னைப் பார்த்துச் சொன்னார்:

“ஆறு மாசம் ஆஸ்பத்திரில கெடந்தேன். எட்டிப் பாக்க ஒருத்தியும் வரல. உங்க முன்னாடியா நான் வெக்கப்படணும்? நல்லா பாத்துக்குங்க.”

பிறகு, நாங்கள் போகத் துணியாத ஆழத்தில் பாய்ந்து, அக்கரைவரை நீந்திப் போய்த் திரும்பினார். அவருக்கு நீச்சல் தெரியும் என்பதே அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது.

அதன்பின் தினமும் எங்கள் நடுவிலேயே குளித்தார். யாரிடமும் பேசவில்லை. ஒருநாள் அருகில் போய், “மன்னிச்சிருங்க ஆயா” என்றேன்.

“தண்ணி கலங்குது, தள்ளி நில்லு” என்றார்.

தள்ளி நின்றேன். வாழ்க்கையில் எத்தனையோ பேரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். தர மறுத்தவர் அவர் ஒருவர்தான். அவர் செய்தது சரி என்றே இன்றும் தோன்றுகிறது.