தூக்குறவனும் கேக்குறவனும்

கொளஞ்சிநாதன் அண்ணன் இருக்காரே, பொல்லாத பிடிவாதக்காரரு. காண்ட்ராக்ட் எலக்ட்ரீசியன், குறிஞ்சிப்பாடியில வூடு. ஞாயித்துக்கெழமை மத்தியானம் மட்டும் எங்க கம்பெனி குவார்ட்டர்ஸ்லதான் கெடப்பாரு. மேசையச் சுத்தி உக்காந்து, கதை சொல்லி ஆடுற சூப்பர் ஹீரோ ஆட்டம். நாங்க ஆளுக்கொரு ஹீரோ, கதைய நடத்துறது அவரு. என்ன செய்யப்போறோம்னு சொல்லிட்டுப் பகடை உருட்டணும். உருட்டாம யாரு என்ன சொன்னாலும் மனுசன் ஒத்துக்க மாட்டாரு.

என் ஹீரோ மலையையே தூக்குவான். அண்ணன் மாதிரி காண்ட்ராக்ட் இல்ல, நான் கம்பெனியில பர்மனென்ட்டு ஆளு, எனக்குக் கம்மியா எதுக்கு? என் பொண்டாட்டி செவ்வந்தியோட ஹீரோ பறப்பா. அண்ணன்கூட வேல பாத்த சிலம்பரசன் கேட்டது ஒரே ஒரு சக்திதான். எங்க யாரு உதவின்னு கூப்பிட்டாலும் அவன் ஹீரோவுக்குக் காதுல வுழணுமாம். நான் விழுந்து விழுந்து சிரிச்சேன். இந்த சோப்ளாங்கிய வச்சிகினு எப்புடிண்ணே ஆட்டத்த ஓட்டுவீங்கன்னு கேட்டேன்.

ஓட்டினாரே! என் பலத்தக் கொறைக்கல, அவனுக்கு ஏத்தியும் வுடல. கதையில ஒரு ஊரே மண்ணுக்குள்ள பொதைஞ்சி கெடக்கும், நான் தூக்க ரெடி. ஆனா எந்த எடத்துல தூக்குறது? அது சிலம்பு காதுக்குத்தான் தெரியும். அவன் வாயத் தெறக்குற வரைக்கும் நான் தண்டமா நிக்கணும். ஒருவாட்டி எரிச்சல் தாங்காம அவசரப்பட்டுத் தூக்கி, பள்ளிக்கூடத்து மேலயே மண்ணக் கொட்டிட்டேன். மாசக்கணக்குல அதையே சொல்லி என்னை ஓட்டினான் படுபாவி.

அண்ணனுக்கு இன்னொரு சட்டம் உண்டு. ஆட்டம் முடியிற வரைக்கும் எல்லார் போனையும் எவர்சில்வர் சம்படத்துல போட்டு, இறுக்க மூடி, சமையல்கட்டுல வச்சிருவாரு.

ஐப்பசி மழையில ஒரு ஞாயிறு சிலம்பு வரல. ஆளு இல்லாததால அவன் ஹீரோவுக்கு இன்னிக்கிக் காது கேக்காதுன்னுட்டு அண்ணன் ஆட்டத்த ஆரம்பிச்சாரு. பொழுது சாயறப்ப செவ்வந்தி சம்படத்தத் தெறந்தா. அண்ணன் போன்ல வரிசையா சிலம்பு கூப்பிட்டிருந்தான். திருப்பிக் கூப்பிட்டா எடுக்கல. அவன் ஊரு முத்தாண்டிக்குப்பம், அந்த ரோட்டுலயே தேடிகினு போனோம். வண்டியோட பாலத்துக்குக் கீழ கெடந்தான். எல்லாம் முடிஞ்சிருந்துது.

அதுக்கப்புறமும் அண்ணன் வந்தாரு. சிலம்பு நாற்காலிய எடுக்க வுடல, அவனுக்கும் ஒரு டீ ஊத்தச் சொன்னாரு. அவன் பகடைய இவரே உருட்டுவாரு, எண்ணப் பாப்பாரு, கேக்கலன்னுவாரு. நல்ல எண்ணு வுழுந்தாலும் கேக்கலதான். பேசிகினே இருக்கையில சட்டுனு சமையல்கட்டுப் பக்கம் திரும்புவாரு. செவ்வந்தியும் திரும்புவா. அங்க மூடுன சம்படத்தத் தவிர ஒண்ணும் இருக்காது.

அந்தச் சம்படத்தத் தூக்கிப் போடலாம்னா செவ்வந்தி கூடாதுன்னுட்டா. அண்ணன் சோறு தண்ணி இல்லாம ஒடுங்கிகினே வந்தாரு. இப்புடியே வுட்டா இந்த மனுசனையும் பறிகொடுத்துருவோம்னு எனக்குப் பயம் வந்துடுச்சு.

போன வாரமும் அவன் பகடைய உருட்டினாரு. அவரு வாயத் தெறக்குறதுக்குள்ள நான் முந்திகினேன்.

"கேட்டுடுச்சுண்ணே. எங்கன்னு சொல்லுங்க, நான் தூக்குறேன்."

சிலம்புக்கு ஊத்தி வச்ச டீயப் பாத்தாரு. அப்புறமா, "முத்தாண்டிக்குப்பம் ரோட்டுல. பாலத்துக்குக் கீழ"ன்னாரு. அவன் செத்த அன்னியிலேருந்து அந்த எடத்த அவரு வாயால சொன்னதே இல்ல.

வண்டியத் தூக்கிட்டேன்னேன். பாலத்தையே தூக்கிட்டேன்னேன். செவ்வந்தி அழுதுகினே, நான் பறந்து வந்து அவன மடியில போட்டுகினேன்னா. அண்ணன் எங்கள பகடை உருட்டச் சொல்லல.

"உசுரு இருக்குதா, தனகோடி?"

கதைய நடத்துற மனுசன் எங்கிட்ட கேக்குறாரு.

"இருக்குதுண்ணே. என்னமோ சொல்றான்."

"என்ன சொல்றான்?"

என் ஹீரோவுக்குத் தூக்க மட்டுந்தான் தெரியும். கேக்குற சக்தி சிலம்புகிட்டதான் இருந்துது. அண்ணன் என் வாயையே பாத்துகினு உக்காந்திருந்தாரு.