பி.ஆரை விட்டிட்டு மொட்டை அடிக்கப் போனவன்

நாலைஞ்சு வருசத்துக்கு முந்தி, பரமட்டாவில ஒரு சாப்பாட்டுக்கடைக் குசினியில நான் வேலை செய்யேக்க நடந்தது இது. என்னோட நிண்டு சமைச்ச ஜப்பான்காரனுக்கு பி.ஆர்., அதுதான் இஞ்சயே நிரந்தரமா இருக்கிற விசா, கிடைச்சுது. நான் படகில வந்து தற்காலிக விசாவில இழுபடுற ஆள். அவனுக்குக் கிடைச்சது எனக்கே கிடைச்ச மாதிரிச் சந்தோசம்.

அடுத்த மாசமே அவன்ர தேப்பன் செத்துப்போனார். ஜப்பானில ஒரு புத்த கோயிலில பிக்குவாம். நான் சிரிச்சுப்போட்டன். எங்கட நாட்டில பிக்குமார் கலியாணம் கட்டுறேல்ல, பிறகு பிள்ளை எங்காலை வந்தது? அங்க கட்டுவினமாம், பிள்ளை குட்டியோட கோயில் வளவுக்குள்ளயே இருப்பினமாம். தேப்பனுக்குப் பிறகு மகன்தான் பிக்குவாகவேணுமாம்.

"ஆகாட்டி?" எண்டு கேட்டன்.

"அம்மா வீட்டை விடவேணும். அது கோயில்ர வீடு."

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. செத்தவீட்டுச் சடங்கு முடிய முதலே கோயில் பெரியாக்கள் வந்து, குனிஞ்சு கும்பிட்டு, மகன் எப்ப வாறார் எண்டு தாயிட்டக் கேட்டவையாம். வராட்டி வேற பிக்கு குடும்பத்தைப் பாக்கவேணுமாம். கலியாணம் கட்டின நாளிலயிருந்து அந்தக் கோயில் முற்றத்தைக் கூட்டி, வாற சனத்துக்கெல்லாம் தேத்தண்ணி ஊத்திக் குடுத்த மனுசி அது. கும்பிட்டுக் கேட்டால் அநியாயம் நியாயமாகுமோ?

"உனக்குப் புத்தரில நம்பிக்கை இருக்கோ?" எண்டன். தெரியாது எண்டான்.

"பிறகென்ன விசருக்குப் போறாய்? அம்மாவை இஞ்ச கூப்பிடு."

கூப்பிட்டுப் பாத்தவனாம். புருசன்ர சாம்பல் கிடக்கிற இடத்தை விட்டு மனுசி வராதாம். போயிட்டான். எங்கட பெடியள் தவம் கிடக்கிற பி.ஆரை உதறிப்போட்டு, பிக்குவா மொட்டை அடிக்கப் போயிட்டான்.

போன வருசம் தாயும் செத்துப்போனா. நான் உடன போன் எடுத்தன். "இனி உன்னை ஆர் மறிக்கிறது? வெளிக்கிட்டு வா."

அவன் அவசரத்தில நிண்டான். ஒரு செத்தவீட்டுக்கு ஓதப் போறானாம். செத்தது ஆரெண்டு கேட்டால், தாயிட்ட வந்து மகன் எப்ப வாறார் எண்டு கேட்ட பெரியாக்களில ஒராளாம்.

"அந்த ஆளுக்கோ?" எண்டு கத்திப்போட்டன்.

"ஆரோ ஒருத்தர் ஓதத்தானே வேணும். இஞ்ச வேற ஆள் இல்லை" எண்டிட்டு அவன் போனை வைச்சிட்டான். நான் குசினிக்குள்ள நிண்டு வாயில வந்தபடி ஏசிக்கொண்டிருந்தன்.

அந்தப் பெரியாக்களில எனக்கு இண்டைக்கும் கோவம் ஆறேல்ல, ஆறவும் மாட்டுது. ஆனால் என்ர அம்மா யாழ்ப்பாணத்தில செத்தநேரம், போனால் திரும்பி வரேலாத விசாவில இஞ்ச இருந்து போனிலதான் பாத்தனான். கொட்டுற மழையில நனைஞ்சபடி ஒரு ஐயர் வந்து அம்மாவுக்குக் கிரியை செய்தவர். அவர் ஆர், விருப்பத்தோட வந்தவரோ, வேற வழியில்லாமல் வந்தவரோ எனக்குத் தெரியாது. அவன் ஏன் இன்னும் அங்க நிக்கிறான் எண்டு யோசிக்கிற நேரமெல்லாம், அந்த ஐயருக்கு நான் ஒரு நன்றி கூடச் சொல்லேல்ல எண்டதுதான் நெஞ்சுக்குள்ள நிக்குது.