பெருங்காய வண்டியை மீட்கப் போன கதை

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆரியசாலையில் ஒரு டீக்கடை முன்னால் நாங்கள் கூடுவோம். எல்லோருக்கும் கார் இருக்கிறது. அதைத் தெருமுனையில் நிறுத்திவிட்டு வந்து, அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல், விற்றுவிட்ட காரைப் பற்றியே பேசுவோம். கையில் இருக்கும் காரைப் பற்றிப் பேச ஷோரூம்காரர்கள் இருக்கிறார்கள். போன காரைப் பற்றிப் பேச எங்களை விட்டால் ஆள் கிடையாது.

கூட்டத்துக்கு ஒரு விதி உண்டு. பழைய காரைப் பற்றிப் பேச ஆரம்பிப்பவர் முதலில் அது ஸ்டார்ட் ஆகும் சத்தத்தை வாயால் செய்து காட்ட வேண்டும். முடியாதவர் அந்த வாரம் டீயை மட்டும் குடித்துவிட்டுப் போகலாம். பெரிய பெரிய உத்தியோகத்தில் இருந்தவர்கள் கன்னத்தை உப்பிக்கொண்டு நடுத்தெருவில் புர்ரென்று சத்தம் போடுவதைப் பார்த்து, சாலைக் கம்போளச் சந்தைக்குச் சாக்குமூட்டை ஏற்றிப் போகிற ஆட்கள் வண்டியை ஓரங்கட்டிவிட்டுச் சிரிப்பார்கள். எங்களுக்கு அதெல்லாம் உறைக்காது.

நான் அந்தக் கூட்டத்தில் புதிது. ஐடி வேலை, வயது குறைவு, போதாக்குறைக்குப் பெண். முதல் வாரம் யாரும் என்னைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டாவது வாரம் என் பழைய காரை ஆரம்பித்தேன். கல்லூரி முடித்ததும் வாங்கி, போன வருஷம் இந்த எலெக்ட்ரிக் காருக்கு ஆசைப்பட்டு விற்றுத்தொலைத்த சின்னக் கார். பாசிப்பச்சை நிறம். முட்டைக்கண்.

"கிக்கிக்கிக்கி," என்று ஆரம்பித்து, மூச்சைப் பிடித்து ஒரு இடைவெளி விட்டு, "ப்பூம்!" என்று முடித்தேன்.

கோட்டைக்குள் அக்ரஹாரத்தில் குடியிருக்கும் ரிட்டயர்டு அக்கவுண்ட்ஸ் மாமா டீ கிளாஸை உதட்டிலிருந்து எடுத்தார். "அந்த நடுவுல விட்டயே ஒரு கேப்பு, அத இன்னொரு தடவ பண்ணு, குழந்தே."

செய்தேன். மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

நான் பாட்டுக்கு மேலே போனேன். "ஒரே ஒரு விசேஷம் அங்கிள். மழை பெஞ்சா அதுக்குள்ள சாம்பார் வாசம் வரும். எங்க அம்மா சீட்டெல்லாம் கழட்டிப் பாத்தாங்க. சோப்பு, எலுமிச்சம்பழம், சாம்பிராணி, எல்லாம் போட்டாச்சு. போகவே இல்லை. நான் மழையில போனேன்னா சிக்னல்ல நிக்கிற எல்லாருக்கும் பசிக்கும்."

இப்போது பெருங்காய மொத்த வியாபாரம் செய்கிற அண்ணாச்சி எழுந்தே விட்டார். ஆரியசாலையில் மூன்றாவது தலைமுறைக் கடை அவருடையது. "ஏ பிள்ளே! அது சாம்பார் வாசமில்ல. அது எங்க கடை நம்பர் ஒண்ணு பெருங்காயம். பின் சீட்டுக்கு அடியில ஒரு டின்னு ஒடைஞ்சு போச்சு. மழைக்காலம் பூரா அப்படியே ஊறிக் கெடந்துது!"

"டேஷ்போர்டுல ஒரு பித்தளைப் பிள்ளையார்," என்றார் மாமா. "இடது பக்கமாச் சாஞ்சிண்டு..."

"அத ஒட்டினது நீங்களா? ஸ்க்ரூடிரைவர் வச்சு நெம்பியும் வரலையே!" என்றேன்.

"எங்காத்து மாமியாக்கும் ஒட்டினா. கரமனை வளைவுல திரும்பறச்சே ஒட்டினா, சாஞ்சுடுத்து."

இப்படியாக, புதிதாய் வாங்கியவர் மாமா, ஒரு புரோக்கர் கை மாறி அடுத்து வாங்கியவர் அண்ணாச்சி, இன்னொரு புரோக்கர் கை மாறி அதற்கப்புறம் நான், மூன்று பேரும் மாதக்கணக்கில் ஒரே காரைத்தான் தனித்தனியாக நினைத்து உருகிக்கொண்டிருக்கிறோம் என்பது நடுத்தெருவில் வெளிச்சமானது. அண்ணாச்சி என் தலையில் கை வைத்து, "நம்ம வீட்டுப் பிள்ளையாயிட்டியே," என்றார். பெருங்காயத்தால் உண்டான உறவு.

அன்றே விசாரித்தோம். எக்ஸ்சேஞ்சில் நான் கொடுத்த காரை ஷோரூமிலிருந்து வாங்கியவர் விதுராவில் ஒரு பேக்கரி நடத்துகிற அக்கா. போனில் கேட்டபோது, டெஸ்டுக்குக் காட்ட வேண்டிய நேரம் வந்துவிட்டது, செலவு செய்ய இஷ்டமில்லை, அடுத்த வாரம் பழைய இரும்பு எடுக்கிற ஆக்ரிக்காரன் வருகிறான், எடைக்குப் போட்டுவிடப் போகிறேன் என்று சாதாரணமாகச் சொன்னார்.

எடைக்கு! மாமாவுக்கு அன்று ராத்திரிச் சாப்பாடு இறங்கவில்லையாம். எனக்கும்தான். விற்ற நாளிலிருந்து எனக்குள் ஒரு குறுகுறுப்பு இருந்தது. புதுக் காரில் உட்காரும்போதெல்லாம் யாரோ பார்க்கிற மாதிரி. அந்தப் பச்சைக் காரை மீண்டும் என் வீட்டு வாசலில் நிறுத்தியே ஆக வேண்டும் என்று முடிவு செய்தேன். மாமாவின் வீட்டில் மாமி விடமாட்டார். அண்ணாச்சியின் சந்தில் சைக்கிளே பக்கவாட்டில்தான் போகும். அதனால் வண்டி என்னிடம் இருக்கும், மற்ற இரண்டு பேரும் வந்து தொட்டுப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று உடன்பாடு.

அடுத்த ஞாயிறு என் எலெக்ட்ரிக் காரில் மூவரும் கிளம்பினோம். "இது காரில்ல பிள்ளே, சக்கரம் வச்ச ஃப்ரிட்ஜு," என்று சொல்லிக்கொண்டே அண்ணாச்சி முன் சீட்டில் ஏறினார். பேரூர்க்கடை தாண்டியதுமே பாடம் நடத்த ஆரம்பித்துவிட்டார்.

"ரெண்டு பேரும் கேட்டுக்கோங்க. நான் மிளகாயிலருந்து மஞ்சள் வரைக்கும் வாங்கியிருக்கேன். ஒரு சரக்கையாவது வாங்குறதுக்கு முன்னால நல்லாருக்குன்னு சொன்னதில்ல. பிடிச்ச சரக்கப் பாத்தா மொகம் சுளிக்கணும். புழு இருக்கான்னு கேக்கணும். அங்க போயி யாராவது வண்டியப் புகழ்ந்தீங்கன்னா அந்த அம்மா வெலையக் கூட்டிரும், இல்லாட்டி தரவே மாட்டா. கேட்டீங்களா சாரே?"

"கேட்டேன், ஓய்."

"அப்ப குத்தம் சொல்லிப் பழகுங்க. சொல்லுங்க பாப்போம்."

மாமா நெடுமங்காடு வரைக்கும் யோசித்தார். "கொஞ்சம்... வயசாயிடுத்து," என்றார். அதற்குள் அவர் மூக்கு சிவந்துவிட்டது.

"அது குத்தமா சாரே? அது எனக்கும்தான் ஆயிட்டுது. பிள்ளே, நீ சொல்லு."

"கலர் பாக்கச் சகிக்கல," என்றேன். சொன்னதுமே நாக்கைக் கடித்துக்கொண்டேன். உலகத்திலேயே எனக்குப் பிடித்த நிறம் அதுதான்.

"நல்லாருக்கு. இன்னும் கேவலமா."

விதுரா போய்ச் சேரும்போது என்னால் அந்த வண்டியை நத்தை, தகர டப்பா, அலுமினியச் சட்டி என்றெல்லாம் தடுமாறாமல் திட்ட முடிந்தது. மாமா மட்டும் "கொஞ்சம் வயசாயிடுத்து" என்பதைத் தாண்டவில்லை.

பேக்கரி மெயின் ரோட்டிலிருந்து கீழே இறங்கும் ஒரு செங்குத்துச் சந்தின் அடியில் இருந்தது. வாசலில், பன் தட்டுகளுக்குப் பக்கத்தில், அது நின்றது. ஒரு கண்ணில் கண்ணாடி உடைந்து, உடம்பெல்லாம் மைதா படிந்து, பச்சை நிறம் பனிக்குள்ளிருந்து தெரிகிற தேயிலை மாதிரி. உள்ளே பிள்ளையார் அதே இடது சாய்வில். மாமா பின்னாலிருந்து என் சுரிதார் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டார். விழுந்துவிடாமல் இருக்கத்தான்.

பேக்கரி அக்கா பொன்முடி எஸ்டேட் தொழிலாளர் லயத்தில் பிறந்து வளர்ந்தவர். கையில் மாவோடு வந்தார். "வாங்க சாரே. இதான். கொண்டுபோறதுன்னா கொண்டு போயிக்கோங்க. எனக்கு மதியாச்சு, போதும்."

அண்ணாச்சி வண்டியைச் சுற்றி ஒரு தடவை நடந்தார். முகத்தைச் சுளித்தார். அப்பேர்ப்பட்ட சுளிப்பு! கெட்டுப்போன கொத்தமல்லி மூட்டையைப் பார்க்கிற மாதிரி. "இதுவா? ம். தூரத்துலருந்து வந்திருக்கோம், பாத்துட்டுப் போவோம்," என்றார். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. பலே வியாபாரி!

ஆனால் அந்த அக்கா எங்களுக்கு முன்னாலேயே குற்றம் சொல்ல ஆரம்பித்துவிட்டார். இதை அண்ணாச்சி எதிர்பார்க்கவில்லை.

"ஒண்ணாந்தரம் சனியன் சாரே இது. காலையில பன்னு கொண்டுபோக நேரம் ஸ்டார்ட்டே ஆகாது. எளவு, நாலு பேரு தள்ளணும்."

நாங்கள் மூவரும் தரையைப் பார்த்தோம். அண்ணாச்சி மெதுவாக, "ஆமா, இந்த மாடல் அப்படித்தான்," என்றார். சொல்லும்போது அவர் கழுத்து நரம்பு புடைத்தது.

"சாவியத் திருகினா கிக்கிக்கின்னு ஒரு சிரிப்பு. நம்மளப் பாத்துச் சிரிக்கிற மாதிரி."

"சிரிக்கலை!" என்றார் மாமா.

அண்ணாச்சி அவர் காலை மிதித்தார். மாமா காலை உருவிக்கொண்டு முன்னால் போனார். "அம்மா, அவன் சிரிக்கலை. அவன் கூப்படறான். நீங்க உடனே திருகறேள். அப்படித் திருகப்படாது. சோக்க முழுக்க இழுத்துட்டு, சாவிய பாதி வரைக்கும் கொண்டுவந்து, ஆக்ஸிலேட்டரத் தொடாம, ஒரு சின்ன ஸ்லோகம் சொல்லி முடிக்கற நேரம் விடணும். அப்பறந்தான் திருகணும்."

"எனக்கு ஸ்லோகம் ஒண்ணும் தெரியாது சாரே."

"ஒரு பன்னுக்கு க்ரீம் தடவற நேரம்."

அக்கா உள்ளே ஏறி, மனதுக்குள் ஒரு பன்னுக்கு க்ரீம் தடவி, சாவியைத் திருகினார். ப்பூம்! பேக்கரிக்குள்ளிருந்து வேலையாட்கள் வெளியே எட்டிப் பார்த்தார்கள். அக்காவின் வாய் திறந்தபடி இருந்தது.

"போச்சு," என்று அண்ணாச்சி என் காதில் முனகினார். "இந்த மனுஷன நம்பி வந்தம் பாரு. சரி, இனி யாரும் வாயத் தெறக்கப்படாது."

அக்கா சமாளித்துக்கொண்டார். "ஸ்டார்ட் ஆயி என்ன செய்ய? ரெண்டாவது கியர் விழாதே. ஒண்ணாவதுலயே முக்கிட்டுப் போகணும். இத ஓட்டுனவனுக மாட்டுவண்டி ஓட்டுனவனுகளாக்கும், கியர் பெட்டிய நாசமாக்கி வச்சிருக்கானுக."

நான் அண்ணாச்சியைப் பார்த்தேன். காது மடலிலிருந்து சிவப்பு ஏறிக்கொண்டிருந்தது. மூன்று தலைமுறையாக முகம் சுளித்தே சம்பாதித்த குடும்பத்து மனிதர். ஒரு பத்து நொடி தாக்குப்பிடித்திருப்பார்.

"யாரு மாட்டுவண்டி ஓட்டுனது?" என்று அந்தச் சந்தே அதிரக் கேட்டார். "எங்கிட்ட இருந்த வரைக்கும் வெண்ணெய்ல கத்தி எறங்குற மாதிரி விழுந்துது! நீங்க நேரா ரெண்டாவதுக்குப் போனா அது தருமா? மொதல்ல மூணாவதுதான் வேணுங்கிற மாதிரி அந்தப் பக்கம் தொடணும். அது மூணாவதுக்குத் தயாராகும். அப்ப படக்குன்னு ரெண்டாவதுக்கு இழுக்கணும். நம்ம ஆசைய அதுகிட்ட காட்டப்படாது!"

பேரூர்க்கடையிலிருந்து எங்களுக்கு நடத்திய பாடத்தை அவர் கார் கியரிடமே நடத்தியிருக்கிறார் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

அக்கா தொட்டார், ஏமாற்றினார், இழுத்தார். விழுந்தது. "எடீ!" என்று கத்தினார், யாரைப் பார்த்து என்று தெரியவில்லை. காரைத்தான் என்று நினைக்கிறேன். "ஏறுங்க எல்லாரும்! ஏத்தத்துல பாத்துரலாம்."

மூவரும் பின் சீட்டில் நெருக்கியடித்து ஏறினோம். ஏறியதும் வாசம். பன், மைதா, அடியில் மெல்லிசாகப் பெருங்காயம். மாமா கண்ணை மூடிக்கொண்டார். நான் நடுவில். கணக்குப் போட்டேன். மிச்சம் இருப்பது ஒரே ஒரு குறை. ஏற்றத்தில் மூச்சு வாங்குவது. அதன் ரகசியம் எனக்கு மட்டும்தான் தெரியும். நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் கார் எனக்கு. இவ்வளவுதான். ஒன்றுமே செய்யாமல் இருந்தால் போதும். ஒன்றும் செய்யாமல் இருப்பது எனக்குக் கஷ்டம் என்று பள்ளிக்கூடத்திலிருந்தே எல்லா டீச்சர்களும் சொல்லியிருக்கிறார்கள். ஆனாலும் உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

சந்தின் பாதியில் வண்டி இழுத்தது. முனகியது. ஒரு கோழி எங்களைத் தாண்டிப் போனது. உண்மையாகவே தாண்டிப் போனது, திரும்பிக்கூடப் பார்க்காமல்.

"கண்டீங்களா?" என்றார் அக்கா. "இதான் இதோட கொணம். எல்லாம் ஏமாத்து. நாளைக்கே ஆக்ரிக்காரன வரச் சொல்றேன், போ."

அண்ணாச்சி என் முழங்கையை இடித்தார். சும்மா இரு என்று. மாமா மறு முழங்கையை இடித்தார். சொல்லிவிடு என்று. ஸ்டியரிங்கில் அக்கா ஓங்கி ஒரு அடி அடித்தார். பிள்ளையார் குலுங்கினார்.

"அடிக்காதீங்கக்கா! ஏசி ஓடிட்டிருக்கு!"

"ஏசியா? நான் போடவே இல்லையே."

"ஆஃப்ல இருந்தாலும் அது உள்ளே ஓடும். சுவிட்சு ஒட்டிக்கும். ஒரு தடவ போட்டுட்டுத் திரும்ப ஆஃப் பண்ணுங்க, அப்படியே டேஷ்போர்டுல செல்லமா ஒரு தட்டு. செல்லமா!"

போட்டார், அணைத்தார், தட்டினார். உள்ளே எங்கோ 'டக்' என்று ஒரு சத்தம். அதற்கப்புறம் அந்தக் கார் ஏறியது பாருங்கள்! கோழியை முந்தி, மெயின் ரோட்டில் ஏறி, கல்லாறு போகும் வழியில் ரப்பர் மரங்களுக்கு நடுவே, ரெண்டாவதிலும் மூணாவதிலுமாக. அக்கா ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிக்கொண்டு, "பொன்முடி வரைக்கும் போகும் போலிருக்கே!" என்றார். பின் சீட்டில் மூன்று முட்டாள்கள் கை தட்டினோம்.

திரும்பி வந்து நிறுத்தியதும் அவர் உடனே இறங்கவில்லை. ஸ்டியரிங்கில் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தார். நான் மெல்ல, "அப்ப... வெலை?" என்று கேட்டேன்.

"வெலையா?" என்றார் அக்கா ஆச்சரியமாக. "இத எதுக்கு மோளே நான் விக்கணும்? இதுக்கு என்ன கொறை?"

ஒரு குறையும் மிச்சம் வைக்கவில்லை நாங்கள்.

அனுப்பும்போது பச்சைக் காரின் டிக்கியிலிருந்து ஒரு கவர் நிறைய பன் எடுத்துக் கொடுத்தார். காசு வாங்க மறுத்துவிட்டார். நெடுமங்காடு தாண்டியதும் ஃப்ரிட்ஜுக்குள் அண்ணாச்சிதான் ஆரம்பித்தார்.

"நம்ம மூணு பேருமாச் சேந்து என்ன செஞ்சிருக்கோம்னு தெரியுமா? அந்தம்மா வண்டிய அந்தம்மாவுக்கே வித்துட்டு வந்திருக்கோம். எங்க தாத்தா கூட இப்படி ஒரு யாவாரம் பண்ணுனதில்ல."

"மொதல்ல வாயத் தெறந்தது நீங்க ரெண்டு பேரும்தான்," என்றேன்.

"கடைசியாத் தெறந்தது யாராக்கும்?" என்றார் மாமா பின்னாலிருந்து. கோபமே இல்லை. ரொம்ப நாளைக்கப்புறம் நன்றாகத் தூங்கி எழுந்தவர் மாதிரி இருந்தார். "அவனை அடிக்கறா, பாத்துண்டு இருப்பியோ?"

கவரைப் பிரித்து ஆளுக்கொரு பன் கொடுத்தார். கடித்தேன். இனிப்புக்கு அடியில், நாக்கின் ஓரத்தில், அது இருந்தது. அண்ணாச்சி பாதி பன்னோடு நிறுத்தி, மூக்கருகில் கொண்டுபோய் மோந்து பார்த்தார்.

"நம்பர் ஒண்ணு," என்றார். "விதுரா பூரா இதத்தான் திங்குறானுக. ஒருத்தனும் குத்தம் சொல்லல, பாத்தியா."

கண்ணாடியில் முதல் தூறல் விழுந்தது. விதுராவில் இந்நேரம் அந்தக் காருக்குள் சாம்பார் மணக்க ஆரம்பித்திருக்கும். வைப்பரைப் போடாமல் கொஞ்ச தூரம் ஓட்டினேன்.