ஞானம் சாரின் பாதுகாப்பான குளியல்

பசுமலையில் முப்பத்து மூன்று வருடம் பூகோளம் நடத்தி ஓய்வுபெற்ற ஞானம் சாருக்கு, அறுபத்தெட்டாம் வயதில் வேண்டியிருந்தது ஒன்றுதான்: சொந்த வீட்டில் தனியாக இருப்பது. மனைவி இறந்து ஆறு வருடம் ஆகியிருந்தது. தான் வைத்த ரசத்தைத் தானே குறை சொல்லிக் குடிக்கும் சுதந்திரத்தை யாருக்கும் விட்டுக்கொடுப்பதாக அவர் இல்லை.

இரண்டாயிரமாம் ஆண்டு ஐப்பசியில் ஒருநாள் குளியலறையில் வழுக்கினார். சேதம், பிளாஸ்டிக் வாளி ஒன்று. செய்தி மட்டும் மஸ்கட்டிலிருந்த மகன் ஆலனுக்கும் பெங்களூரிலிருந்த மகள் ஆன்சிக்கும் அன்றே போய்விட்டது. தொலைபேசியில் பல சுற்றுப் பேச்சுவார்த்தைக்குப் பின் உடன்படிக்கை ஏற்பட்டது. இன்னொரு தடவை விழுந்தால் முதியோர் இல்லம். அதுவரை வீட்டில் இருக்கலாம். ஆனால் குளியலறைத் தாழ்ப்பாளைக் கழற்றிவிட வேண்டும். குளிக்கும்போது விடாமல் பாட வேண்டும். பாட்டு நின்றால் பக்கத்து வீட்டு மருது ஓடிவருவார்.

மருது ஆட்டோ ஓட்டுபவர். காலை ஏழு மணிக்கு சாரின் குளியலறை ஜன்னலுக்குக் கீழேதான் வண்டி துடைப்பார். வாசல் சாவி ஒன்றையும் வாங்கி வைத்துக்கொண்டார். "நீங்க சத்தம் மட்டும் குடுங்க சார், மத்தத நான் பாத்துக்கிறேன்."

சாருக்குப் பாட வராது. ஆகவே நாடுகளின் தலைநகரங்களை ஒப்பித்தார். சோவியத் ஒன்றியம் உடைந்ததில் பதினாலு ஊர் கூடுதலாகக் கிடைத்திருந்தது; எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் நாளில் அவை பெரிதும் உதவின.

"என்ன சார், இன்னைக்கு ஆப்பிரிக்கா சீக்கிரம் முடிஞ்சிருச்சு? சோப்பு போட்டீங்களா இல்லையா?" என்று ஜன்னல் வழியே விசாரணை வரும்.

பதினோரு மாதம் இப்படிக் குளித்தவருக்கு, ஒருநாள் பெரு நாட்டில் வாய் ஓய்ந்துபோனது. ஒரு சொம்புத் தண்ணீரையாவது பேசாமல் ஊற்றிக்கொள்ள ஆசை வந்தது. ஊற்றினார். நன்றாக இருந்தது. இன்னொரு சொம்பு ஊற்றினார்.

"சார்? சத்தத்தக் காணமே சார்?"

காதில் தண்ணீர்; கேட்கவில்லை. மருது ஓடிவந்து முழு பலத்தோடு கதவைத் தள்ளினார். உள்பக்கம் திறக்கும் கதவு. அதன் பின்னால் இரண்டு காலிலும் உறுதியாக நின்றுகொண்டிருந்தார் சார். கதவு இடித்த வேகத்தில் விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது.

பிள்ளைகள் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தார்கள்.

"நான் விழலம்மா. நின்னுக்கிட்டிருந்தேன். கதவுதான் இடிச்சுச்சு."

"சரிப்பா, சரி" என்று ஆன்சி அவர் தலையைத் தடவினாள். பிறகு ஆலனிடம், "மயக்க மருந்து இன்னும் தெளியல" என்றாள்.

ஆலன் மருதுவின் கையைப் பிடித்துக்கொண்டான். "தாழ்ப்பா இருந்திருந்தா என்ன ஆயிருக்கும்ண்ணே?"

மருது தரையைப் பார்த்தார். "நான் போறப்ப சார் கெடந்தாரு தம்பி."

உடன்படிக்கை உடன்படிக்கைதான். திருப்பரங்குன்றம் பக்கத்து இல்லமொன்றில் விண்ணப்பம் நீட்டினார்கள். 'என் சொந்த விருப்பத்தின் பேரில் சேர்கிறேன்' என்று முன்கூட்டியே அச்சடித்திருந்தது. முதியவர்களுக்கு எழுதும் சிரமம் இருக்கக் கூடாதல்லவா.

சார் அதை இரண்டு தடவை படித்தார்.

"மருது, நீயாவது சொல்லேன்."

"இடுப்பு சரியாகட்டும் சார். நானே வந்து வண்டில கூட்டிட்டுப் போறேன்" என்று மருது சாட்சிக் கையெழுத்துப் போட்டார். சாரும் போட்டார்.

ஆன்சி குனிந்து அவர் சட்டைப் பையிலிருந்து வீட்டுச் சாவியை எடுத்துக்கொண்டாள். "எங்கிட்ட பத்திரமா இருக்கும்ப்பா."