இகுவானா தோல் உரித்த நாள்

மகளின் முன்பள்ளியிலிருந்து போன வாரம் வட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது. வீட்டில் கிடக்கும் கழிவுப் பொருட்களைக் கொண்டு ஓர் இகுவானா செய்து திங்கட்கிழமை அனுப்ப வேண்டுமாம். உலகத்தில் இத்தனை பிராணிகள் இருக்க, இது மட்டும் ஏன் எங்கள் குடும்பத்தையே துரத்துகிறது என்று தெரியவில்லை. முட்டை அட்டையைக் கத்தரிக்கும்போது என்னை அறியாமல் இடது புருவத்தைத் தடவிக்கொண்டேன்.

ருவான்வெல்லைக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்தில் நாங்கள் இருந்தோம். அம்மாமார் பால் வெட்டப் போகும்போது எங்களை விட்டுச் செல்லும் பிள்ளைக் காம்பராவில் என் சித்திதான் டீச்சர். அம்மாவின் கடைசித் தங்கை. தற்காலிக வேலை. வருடக் கடைசியில் பிள்ளைக் காம்பராக்களை நடத்தும் பெரியவர்கள் கொழும்பிலிருந்து வந்து பார்ப்பார்கள், அவர்களுக்குப் பிடித்தால் வேலை நிரந்தரமாகும், இல்லாவிட்டால் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போக வேண்டியதுதான் என்று வீட்டில் பேசிக்கொண்டார்கள். பாஸ்போர்ட் ஏற்கெனவே ஏஜென்சிக்காரரிடம் போயிருந்தது. எனக்கு ஐந்து வயது. குவைத் என்றால் பக்கத்து லயத்து வரிசை வீடுகளுக்குச் சொக்லேட் வரும் ஊர் என்பது மட்டும் தெரியும்.

ஒவ்வொரு தோட்டத்து டீச்சரும் ஒரு பிராணியை எடுத்து, பாட்டு, படம், கைவேலை, நாடகம் என்று அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்து, வருகிறவர்களுக்குக் காட்ட வேண்டும். கேகாலையில் நடந்த பயிற்சிக்குப் போகும்போது சித்தியின் பஸ் வழியில் நின்றுவிட்டது. போய்ச் சேர்ந்தபோது யானை, மயில், முயல் எல்லாம் போய்விட்டன. எவரும் தொடாமல் கிடந்தது இகுவானா. வேறு தாருங்கள் என்று வாய் திறந்து கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கொடுத்ததை வாங்கிக்கொண்டு தலையாட்டுவதுதான் சித்தியின் குணம். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு எரிச்சல் வருகிறது.

படத்தைக் கொண்டுவந்து எங்கள் வீட்டுச் சுவரில் ஒட்டியதும் அப்பா உற்றுப் பார்த்தார். "இது நம்ம தலகொய்யாதானே. மெளகு தூக்கலா போட்டு வச்சா..."

"ஐயோ மச்சான், வாற ஆளுங்க முன்னாடி இந்தப் பேச்சையே எடுத்துறாதீங்க. உடும்பு வேற, இது வேற. இது எலைதழை மட்டுந்தான் திங்கும்" என்று சித்தி கையெடுத்துக் கும்பிட்டார்.

அப்பாவையாவது அடக்கலாம், எங்களை அடக்க முடியவில்லை. லயத்துக் கோழிக்கூட்டில் தலகொய்யா புகுந்து முட்டை குடித்துவிட்டு ஓடுவதைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாங்கள். இகுவானா என்ன சாப்பிடும் என்று சித்தி காலையில் கேட்டால், "கோழி முட்ட!" என்று ஒரே குரலில் கத்துவோம். சித்தி நெற்றியில் கையை வைத்துக்கொண்டு மறுபடியும் முதலிலிருந்து தொடங்குவார். இலை தின்னும் இகுவானா என்று ஒரு பாட்டுக் கட்டினார். பனடோல் பெட்டியில் இகுவானா, சிரட்டையில் இகுவானா, களிமண்ணில் இகுவானா. எங்கள் வீட்டில் எதையும் கீழே வைக்க முடியாது, வைத்தால் அதற்கு வால் முளைத்துவிடும். அம்மாவின் பச்சைச் சேலையில் ஒரு துண்டு காணாமல் போன அன்று, "அந்தப் பல்லிக்கு எஞ் சேல கேக்குதாடி?" என்று அம்மா போட்ட சத்தம் மேட்டு லயம் வரை கேட்டது.

ரப்பர் தோட்டத்துப் பிள்ளைகள் எல்லாருக்கும் தெரிந்த விளையாட்டு ஒன்று உண்டு. மரத்துப் பாலைக் கையில் தடவிக் காயவிட்டால் மெல்லிய தோலாக உரிந்து வரும். இகுவானாவும் வளரும்போது பழைய தோலை உரித்துப் போடும் என்று சித்தி பயிற்சியில் கேட்டிருந்தார். இரண்டும் அவர் மனதில் ஒன்றாகச் சேர்ந்துவிட்டன. பாலில் பச்சைச் சாயம் கலந்து ஒரு பிள்ளைமேல் பூசி, பெரியவர்கள் கண் முன்னாலேயே உரித்துக் காட்டிவிடலாம். ஊரார் பிள்ளைக்குப் பூசினால் சண்டைக்கு வருவார்கள். அக்கா மகள் இருக்கவே இருக்கிறாள். நத்தாருக்குப் போட்ட இயேசு பிறப்பு நாடகத்தில் சிறகு வைத்த சம்மனசாக நிற்கிறேன் என்று கேட்டபோது என்னை ஆட்டுக்குட்டி ஆக்கினார்கள். இப்போது இது.

ஒத்திகை நன்றாகத்தான் நடந்தது. முதலில் தேங்காய் எண்ணெய், மேலே பால் ஒரே ஒரு பூச்சு, காய்ந்ததும் உரித்தால் அழகாக வந்தது. சித்தி என்னைத் தூக்கிச் சுற்றினார்.

பெரியவர்கள் காலையிலேயே வருவதாகச் சொல்லியிருந்தார்கள். விடிந்ததும் என்னைப் பச்சையாக்கி வாசலில் நிறுத்தினார் சித்தி. அவர்கள் வரவில்லை. காய்ந்த பால் முழங்கையில் கிழிந்தது, அதன் மேல் இன்னொரு பூச்சு. புறப்பட்டுவிட்டார்கள் என்று செய்தி வந்தது, இன்னொரு பூச்சு. முட்டை அட்டையில் வெட்டிய முள்வரிசை நெற்றியில் நிற்காமல் விழுந்துகொண்டே இருந்ததால் அதையும் பாலை வைத்தே ஒட்டினார். வெயிலில் வேர்த்து எண்ணெய் எப்போதோ போய்விட்டது. உட்கார்ந்தால் கால் ஒட்டிக்கொள்ளும் என்று என்னை உட்காரவும் விடவில்லை. நாற்றம் தாங்காமல் நான் சிணுங்க, "கொஞ்ச நேரம் பொறுத்துக்க புள்ள, சித்திக்காக" என்று முந்தானையால் விசிறிக்கொண்டே நின்றார்.

சாப்பாடெல்லாம் முடித்துவிட்டு மத்தியானம்தான் ஜீப் வந்தது. ஒரு பெரியவர், ஓர் அம்மா, கமராவோடு ஒருவர். பிள்ளைகள் பாட்டுப் பாடினார்கள். இகுவானா என்ன சாப்பிடும் என்று பெரியவர் கேட்டதும் எல்லாரும் "எலை!" என்றார்கள். சித்தியின் முகத்தை அப்படி ஒரு மலர்ச்சியோடு நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

என் முறை வந்தது. இடது கைத் தோல் தோளிலிருந்து விரல் வரை முழுசாக உரிந்து வர, "ஷோக்!" என்று அந்த அம்மா கைதட்டினார். அடுத்தது நெற்றி. வரவில்லை. சித்தி தயங்கினார். கமராக்காரர் கிட்டே வந்து, "ம், உரிங்க, உரிங்க" என்றார். சித்தி ஒரே இழுப்பாக இழுத்தார். பச்சைத் தோலோடு என் இடது புருவமும் போய்விட்டது.

நான் போட்ட கத்தலில் தொட்டிலில் கிடந்த குழந்தைகள் எல்லாம் எழுந்து அழுதன. "அனே பவ்!" என்று பரிதாபப்பட்டுக்கொண்டே அந்த அம்மா என் வாயில் ஒரு பிஸ்கட்டை வைத்தார். அப்படியே ஒரு படமும் எடுத்தார்கள். ஜீப்பில் ஏறப் போகும்போது பெரியவர் சித்தியிடம் ஏதோ சொன்னார். சித்தி சிரித்த முகத்தோடு தலையாட்டிக்கொண்டே இருந்தார்.

அடுத்த மாதம் எங்கள் பிள்ளைக் காம்பராவை மூடி, பக்கத்து டிவிஷனோடு சேர்க்கப் போகிறார்கள், டீச்சர் அங்கே ஏற்கெனவே இருக்கிறார் என்பதுதான் அவர் சொன்னது. வருவதற்கு முன்பே முடிவான விஷயம். படம் எடுக்கத்தான் வந்திருக்கிறார்கள். நாங்கள் இலை என்று சொல்லியிருந்தாலும் முட்டை என்று சொல்லியிருந்தாலும் ஒன்றுதான். இதெல்லாம் பல வருடம் கழித்து அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அன்று சாயங்காலம் சித்தி என்னை மடியில் போட்டு, எண்ணெய் தடவித் தடவி, மிச்சத் தோலை எடுத்தார். அவர் கண்ணீர் என் முகத்தில் சொட்டியது. எனக்குப் பாவமாக இருந்தது. "அழுவாதீங்க சித்தி, புருவம் மொளைச்சிரும்" என்றேன். சித்தி சிரித்தார், பிறகு இன்னும் அழுதார்.

புருவம் முளைப்பதற்குள் சித்தி குவைத்துக்குப் போய்விட்டார். முதல் தடவை அங்கிருந்து பேசியபோது என்னைத்தான் கேட்டார்.

"புருவம் மொளைச்சிருச்சா புள்ள?"

"மொளைச்சிருச்சு. ஆனா சித்தி, அடுத்த வருசம் என்னைய இகுவானாவாப் போடாதீங்க. வேற யாரையாவது போடுங்க" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்.

அந்தப் பக்கம் பேச்சே இல்லை. காசு முடிந்து லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்து, போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டு விளையாடப் போய்விட்டேன்.