மடியில் வந்த மண்

காலை ஒன்பது மணிக்கு விஜயபுரத்தில் நைனாவும் நானும் ஷேர் ஆட்டோ ஏறினோம். நகரி வரை ஆளுக்கு முப்பது ரூபாய், மண் பெட்டிக்குத் தனியாக இருபது. "மண்ணுக்குமா டிக்கெட்டு?" என்று நைனா வாய்விட்டே கேட்டார். "உர மூட்டைக்குக் குடுக்குறீங்களே, அது மட்டும் இன்னா தங்கமா?" என்றார் டிரைவர். நைனா இருபது ரூபாயை எடுத்துக் கொடுத்தார்.

நைனா என்று நான் கூப்பிடும் அப்பா நகரியில் பவர்லூம் ஓட்டுகிறவர். எனக்காக ஒரு நாள் லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். நான் திருப்பதியில் தங்கி முனைவர் பட்ட ஆராய்ச்சி செய்கிறேன். மண்ணுக்குள் கரியை, அதாவது கார்பனை, சேமித்து வைப்பதுதான் பொருள். காற்றில் பெருகிக்கொண்டே போகும் கரியைச் செடி இழுத்துக்கொள்கிறது. அதன் வேரும் சருகும் மட்கும்போது ஒரு பங்கு மண்ணோடு தங்கிவிடுகிறது. உழாமல் விட்டால் கூடுதலாகத் தங்குமா, வெயில் இப்படி ஏறிக்கொண்டே போனாலும் தங்குமா என்பது என் கேள்வி. இதற்காக விஜயபுரத்து விவசாயி முனிரத்தினம் தன் வேர்க்கடலை நிலத்தில் ஒரு துண்டை மூன்று வருடம் ஏர் படாமல் விட்டுவைத்தார். ஊரே சிரித்தது, அவர் சட்டை செய்யவில்லை. அந்தத் தவணை முடிந்து மறுநாள் காலை டிராக்டர் வருவதாக இருந்தது.

கையகல இரும்பு வளையத்தை நிலத்தில் அடித்து இறக்கி, சுற்றிலும் தோண்டி, உள்ளே பிடித்த மண் உதிராமல் எடுக்க வேண்டும். மேலே மரக்கட்டை வைத்துச் சுத்தியால் அடித்து இறக்கியது முழுக்க நைனாதான். அந்த மண்ணின் எடையை வைத்துத்தான் கரியின் கணக்கே. ஒரு சிட்டிகை குறைந்தாலும் அந்த வளையம் வீண். விடிந்ததும் தொடங்கி, மூன்று ஆழத்தில் மும்மூன்றாக மொத்தம் ஒன்பது எடுத்தோம். பெட்டியில் எட்டுதான் அடங்கியது. ஒன்பதாவதை மஞ்சள் பையில் வைத்து நைனாவிடம் கொடுத்து, கீழே வைக்காமல் மடியிலேயே வைத்துக்கொள்ளச் சொன்னேன்.

நகரியில் திருப்பதி பஸ் கிடைத்தது, ஐம்பது கிலோமீட்டர் சொச்சம். பெண்களுக்கு இலவசம் என்பதால் எனக்குச் சும்மா ஒரு டிக்கெட் கிழித்துக் கொடுத்தார்கள். "உன் டிக்கெட்டையும் சேத்து என்கிட்டயே வாங்கிடப் போறான்" என்று முனகிக்கொண்டே நைனா பின்னால் போய் உட்கார்ந்தார். நான் பெட்டியோடு முன்னால் இருந்தேன்.

புத்தூர் பஸ் நிலையத்தில் வண்டி கொஞ்ச நேரம் நின்றது. திரும்பிப் பார்த்தால், இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் இறங்க வந்துகொண்டிருந்தாள். குழந்தையின் கையெல்லாம் சொறி. அதன் மேல் செக்கச்செவேலென்று மண் பூசியிருந்தது. பெட்டியைச் சீட்டில் வைத்துவிட்டு நைனாவிடம் ஓடினேன்.

"நைனா, இன்னா பண்ணி வச்சிக்கிற?"

"புத்து மண்ணான்னு கேட்டுது பாப்பா. கொழந்த சொறிஞ்சிக்கினே இருந்துது. கொஞ்சூண்டு தான் எடுத்துச்சி."

"கொஞ்சூண்டு போனாலே எல்லாம் போச்சுன்னு எத்தினி வாட்டி சொன்னேன்!"

பஸ்ஸே எங்களைப் பார்த்தது. அந்தப் பெண் பயந்துபோய் நின்றாள். அது புற்று மண் இல்லை, வெறும் கடலைக் கொல்லை மண் என்றேன். "பரவால்லக்கா. மூணு வருசமா ஏர் படாத மண்ணுன்னு அண்ணன் சொன்னாரு. அது போதும்" என்றாள். ஆராய்ச்சியை நைனா அவ்வளவு நன்றாக விளக்கியிருக்கிறார்!

ஓர் ஆழத்துக்கு மூன்று வளையம் இல்லாவிட்டால் என் வழிகாட்டி ஏற்க மாட்டார். மறுநாள் அந்த நிலம் இருக்காது. மூன்று வருட உழைப்பில் ஓட்டை விழப்போகிறது. ஈரம் காய்வதற்குள் மற்ற எட்டையும் எடை போட்டாக வேண்டும், நான் திரும்பவும் முடியாது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

நைனா எழுந்தார். வளையத்து மண் முழுவதையும் அந்தப் பெண்ணின் முந்தானையில் கொட்டினார். காலி வளையத்தையும் சுத்தியையும் மரக்கட்டையையும் பையில் போட்டுக்கொண்டார். "நீ போம்மா. அதே எடத்துல நான் எடுத்துக்கினு வரேன்" என்று சொல்லி இறங்கிவிட்டார். பஸ் நகர்ந்தபோது எதிர்ப்பக்கம் நகரி பஸ்ஸைப் பிடிக்க ஓடிக்கொண்டிருந்தார். கத்தியிருக்க வேண்டாம் என்று எனக்குக் கஷ்டமாக இருந்தது.

மாலை ஐந்து மணிக்கு ஆய்வுக்கூட வாசலில் வந்து நின்றார். வேட்டியெல்லாம் செம்மண். மஞ்சள் பையைக் குழந்தையைத் தருவது போல இரண்டு கையாலும் தந்தார். வளையத்தின் மேலும் கீழும் மண் வழித்து விட்டது போலச் சமமாக இருந்தது. எடை போட்டேன். அதே ஆழத்தில் எடுத்த மற்ற இரண்டோடு ஒத்துப்போனது.

"பஸ்ஸுல இது இன்னான்னு யாரும் கேக்கலியா நைனா?"

"கேக்காம இருப்பாங்களா? அஸ்தின்னுட்டேன். சொர்ணமுகி ஆத்துல கரைக்கப் போறேன்னேன். அவ்ளோதான், மூணு பேரு சீட்டு பூரா எனக்கே."

நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து அறைத் தோழி எட்டிப் பார்த்தாள். நைனா சிரிக்கவில்லை.

"ஒரு அம்மா மட்டும் எழுந்து போகாம, யாருதுன்னு கேட்டுது. வாயில வந்துடிச்சி, பொண்டாட்டின்னுட்டேன். அது அழுவ ஆரம்பிச்சிடிச்சி." வேட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டே, "அது அழுவறதப் பாத்து நானும் அழுதுட்டேன் பாப்பா" என்றார்.

டீ குடித்துவிட்டுப் போகச் சொன்னேன். கேட்கவில்லை, வீட்டுக்குப் போக வேண்டும் என்று அவசரமாகக் கிளம்பிவிட்டார். நான் விடுதிக்கு வந்து சேர்ந்தேன். மூன்று வருடமாக மாதம் தவறாமல் விஜயபுரத்துக்குப் போய்வந்தாயிற்று, இனி அந்த நிலத்துக்குப் போக எனக்கு வேலை இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

எட்டு மணிக்கு நகரியிலிருந்து அம்மா போன் செய்தாள்.

"இன்னாடி ஆச்சு உங்க நைனாவுக்கு? கல்யாணம் ஆன நாள்லேர்ந்து பூ வாங்கியாந்த மனுசன் இல்ல. அஞ்சு மொழம் வாங்கியாந்து கையில குடுத்துட்டு, என் மூஞ்சையே பாத்துக்கினு குந்திக்கினு இருக்காரு. உன் சாமான் எதுனா ஒடச்சிட்டாரா?"

"இல்லம்மா, முழுசா கொண்டாந்து குடுத்தாரு" என்றேன்.