ஆழ்வார் பன்னிரண்டு பேர் இல்லையாம்

எங்கள் ராஜபாளையம் கம்ப்யூட்டர் சென்டருக்காக ஜாவாஸ்கிரிப்டில் ஒரு வினாடி வினா எழுதியிருக்கிறேன். இன்று அதைச் சோதிக்க, புதிதாக வேலைக்குச் சேர்ந்த பத்மாவை உட்கார வைத்தேன்.

ஆழ்வார்கள் எத்தனை பேர் என்ற கேள்விக்கு 12 என்று அடித்தாள். 'தவறு' என்றது திரை.

"ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரிக்கே ஆழ்வார் கணக்கு தப்புங்குதாண்ணே ஒங்க மிஷினு?"

நான் அடித்தால் சரி என்கிறது. அவள் அடித்தால் தவறு. திரையில் இரண்டும் ஒரே 12 தான். சாப்பிடக்கூடப் போகாமல் நிரலை வரி வரியாகத் துருவினேன்.

கடைசியில் அவள் விரலைப் பார்த்தேன். ஒன்றுக்குப் பதில் ஆங்கிலச் சின்ன 'l' எழுத்தை அடிக்கிறாள்.

"டைப்ரைட்டர்ல ஒண்ணுக்குத் தனி கீ ஏதுண்ணே? எல்லுதான் அடிப்போம்."

நாளை இந்த வினாடி வினாவில் தேர்வெழுத வருகிறவர்கள் எல்லாருமே டைப்ரைட்டிங் பாஸ். ஜீரோவுக்கு எதை அடிப்பார்கள் என்று கேட்க எனக்குத் தைரியமில்லை. இந்த மெயில் குழுவில் டைப்ரைட்டிங் படித்தவர்கள் யாராவது சொல்லித் தொலையுங்கள்.